ஊதாத விசில்

எனக்குக் கார்ப் பந்தயம் பிடிக்காது. பெற்றோலைக் கொளுத்திக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எரிச்சல்தான் வரும். ஆனால் எண்பதுகளின் நடுப்பகுதியில் பாரிசின் லா சப்பலில் எனக்குச் சோறு போட்டது அதுதான். தண்டவாளங்களை ஒட்டிய தெருவில், பழைய கிடங்கு ஒன்றில், எங்கள் பத்ரோன், அதாவது முதலாளி, பந்தயக் கார்கள் தயார்செய்யும் கராஜ் வைத்திருந்தார். ஊரில் பஸ் டிப்போவில் ரயர் மாற்றியவன் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன். டிப்போவில் நான் இருந்தது மூன்று மாதம்தான். அதைச் சொல்லவில்லை.

அங்கேதான் ஜப்பான்காரரைக் கண்டேன். ஐம்பத்தொரு வயது. என் தோளுக்குத்தான் வருவார். இருபத்தாறு வருடங்களாகப் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டியது சஞ்சிகை அட்டைகளில் வரும் ஒற்றை ஆள் கார்கள் அல்ல. வீட்டு வாசலில் நிற்குமே நாலு கதவுக் கார், அதே கார்தான். பின் சீற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, பந்தயத்துக்கு விடுவார்கள். இளம் வயதில் ஒரு கார்த் தொழிற்சாலையில் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலை செய்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட வேண்டியவருக்குக் காய்ச்சல். இவரை ஏற்றிவிட்டார்கள். ஏறியவர் இறங்கவேயில்லை.

அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே வகுப்பு. வினைச்சொல் இருந்தால் பெயர்ச்சொல் இருக்காது. ஆனாலும் அந்த இருபத்தாறு வருடத்தையும் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார். வென்றவை, இரண்டாவதாக வந்தவை, இரண்டு முறை எலும்பு முறிந்து படுத்தது, கூட ஓடிய நண்பர்களின் சவ அடக்கத்துக்குப் போனது. வயது ஏற ஏற நல்ல கார்களை இளையவர்களுக்குக் கொடுத்தார்கள். இவருக்கு முந்திய வருடத்துக் கார். பிறகு அதற்கும் முந்தியது. கடைசியில் ஐரோப்பாவில் ஒரு சின்னப் பந்தயக் குழுவுக்கு ஓட்டும்படி எங்கள் கராஜுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஜப்பான் கார்க் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து அவர் ஓட்டுவதை ஒரு நாள் பார்ப்பார்கள். திருப்தி என்றால் இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, கார்க் கடைத் திறப்பு விழாக்களில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"சிரிக்க எனக்குத் தெரியாது. ஓட்ட மட்டும்தான் தெரியும்" என்றார் ஒரு நாள், ஹெல்மெற்றைத் துடைத்தபடி. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் ஒரு தேவை இருந்தது. மனைவியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை எடுப்பிப்பதற்கு, விசா கொடுக்கும் அரசாங்கக் கந்தோரான பிரிபெக்தூரில் கொடுத்த பட்டியலில் எல்லாம் சேர்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று பத்ரோன் கையெழுத்திட்ட கடிதம். "பார்ப்போம், பார்ப்போம்" என்று ஏழு மாதமாக இழுத்தார் அந்த மனிதர். கம்பெனிக்காரர் வந்து போகட்டும், அந்த வாரம் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று கடைசியில் வாக்குக் கொடுத்தார். அவருக்கும் அந்த ஒப்பந்தம் வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஜப்பான்காரரிடம் சொல்லியிருந்தேன்.

மெத்ரோ பாலத்தில் ஓடுகிற பக்கம், ஐந்தாம் மாடியில், ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பான்காரர் சோறு சாப்பிட வருவார். மீன் குழம்பு அவருக்கு உறைக்கும். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். எங்கள் அறையில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவன் பேப்பர் விசயமாகப் படியிறங்கினால் அவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது. ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் லா சப்பலில் அது வெறியாகவே மாறியிருந்தது. எங்களில் ஒருவன் அகதி விசாரணைக்குப் புறப்பட்டபோது, "டேய், படத்தை விட்டுட்டுப் போறாய்" என்று யாரோ பின்னால் கத்திவிட்டான். அவன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எவனாவது எதையாவது மறந்து போனால், மற்றொருவன் வாயை மூடிக்கொண்டு ஓடி, தெருவைச் சுற்றி, அவனுக்கு முன்னால் போய் நின்று கொடுக்க வேண்டும். ஒருமுறை நான் செருப்பில்லாமல் ஓடி, மூச்சிரைக்க முன்னால் போய் நின்று ஒருவனிடம் பிறப்புச் சான்றிதழை நீட்டியதை ஜப்பான்காரர் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார். விளக்கம் கேட்டார். எனக்குப் பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை. உடற்பயிற்சி என்று சொல்லி வைத்தேன்.

கம்பெனிக்காரர் பார்க்க வரும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நகரத்துக்கு வெளியே இருந்த ஓட்டத் திடலுக்குக் காலையிலேயே போக வேண்டும். நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அறையில் மூத்தவர் உள்ளே வந்தார். மன்னார்ப் பக்கத்து மனிதர், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் வேலை. அங்கே ரெலிபோன் இருந்ததால் ஊர்ச் செய்தி எல்லாம் அவர் வாயால்தான் வரும்.

"தம்பி, இரு. சொல்லாமலும் இருக்கேலாது. உங்கடை பக்கம் நேற்று ஷெல் அடிச்சிருக்கிறாங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவாம்."

"ஆருக்கு என்ன அண்ணை?"

"தெரியேல்லை. லைன் அறுந்துபோச்சு. பின்னேரம் திரும்ப எடுத்துப் பாக்கிறன். நீ வேலைக்குப் போ. இஞ்சை இருந்து என்ன செய்யப் போறாய்?"

எங்கள் வீடு பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது வேலி. நான் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் வெள்ளிக்கிழமைக் கடிதம் இல்லை. லொறியின் பின்னால் ரயர்களோடு ரயராக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணத்தில் என்ன பார்த்தேன் என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது.

வேலை முறை இதுதான். கார் உள்ளே வந்து நிற்கும். சக்கரத்துக்கு ஒருவராக நாலு பேர். பின் இடது என்னுடையது. பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, ஐந்து நட்டையும் கையால் சுழற்றி வைத்து, காற்றில் ஓடும் கன் என்ற கருவியால் இறுக்கி, கையை உயர்த்த வேண்டும். நாலு கையும் உயர்ந்தால் டிரைவர் எடுப்பார். ஏதாவது பிழைத்தால் ஊதுவதற்கு ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில். ரேடியோ எல்லாம் எங்களைப் போன்ற ஏழைக் கூட்டத்துக்குக் கிடையாது. காரை எடுக்கும்போது விசில் கேட்டால் டிரைவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

காலை முழுதும் அவர் அருமையாக ஓட்டினார். பந்தயம் பிடிக்காத எனக்கே தெரிந்தது. கம்பெனிக்காரர் இரண்டு பேரும் நேரம் பார்க்கும் மணிக்கூட்டை ஒருவருக்கொருவர் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள். பத்ரோன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. மதியத்துக்கு முன் கடைசிச் சுற்றுகளுக்காகச் சக்கரம் மாற்ற வந்தார்.

மாட்டினேன். ஐந்து நட்டையும் கையால் சுழற்றினேன். நாலு பக்கமும் கன் சத்தம். அப்படித்தான் என் காதுக்குக் கேட்டது. உண்மையில் மூன்று பக்கம்தான். என் தலைக்குள் பள்ளிக்கூடத்து மதிலும் மூன்றாவது வேலியும்தான் இருந்தன. மற்றவர்களின் கை உயர்ந்தது. என் கையும் உயர்ந்தது. கார் நகர்ந்த பிறகுதான் காலடியில் பார்த்தேன். என்னுடைய கன் வைத்த இடத்தில் வைத்தபடி, குழாய் சுருண்டு கிடந்தது.

விசிலை உதட்டில் வைத்துவிட்டேன். கார் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பத்து முழம்கூட இல்லை. ஊதியிருந்தால் நின்றிருப்பார். நான் ஊதவில்லை. ஏன் என்று என்னை நானே அடிக்காத நாளில்லை. அவர் காரியமாகப் புறப்பட்டுப் போகிறார், நான் பின்னால் நிற்கிறேன். அவ்வளவுதான். அது யோசனை இல்லை. யோசித்திருந்தால் ஊதியிருப்பேன். என் கால்கள் தாமாகவே ஓடின, காருக்கு முன்னால் போய் நிற்பதற்கு! பந்தயக் காரை முந்த ஓடிய மடையன் உலகத்தில் நான் ஒருவன்தான். கார் வேகமெடுத்து மரங்களுக்குப் பின்னால் திரும்பியது. நான் நடுத் தரையில், விசில் வாயில், நின்றேன்.

சத்தம் கேட்டது.

எல்லாரும் ஓடினோம். முன்பக்கம் நசுங்கி, கார் தடுப்பில் ஏறிக் கிடந்தது. பின் இடது சக்கரம் புல்லில் தனியாகப் படுத்திருந்தது. அவர் வெளியே வந்து ஒரு கையை மறு கையால் தாங்கியபடி நின்றார். தோள் எலும்பு முறிந்திருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. பத்ரோன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் நாலு பேரையும் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பின் இடது யாருடையது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜப்பான்காரர் பேசினார். கம்பெனிக்காரருக்கும் கேட்கும்படி, முதலில் தன் மொழியில், பிறகு பிரெஞ்சில்.

"சக்கரம் சரியாக இருந்தது. நான் வளைவின் ஓரக் கல்லில் ஏற்றிவிட்டேன். சக்கரம் உடைந்தது. என் தவறு."

கம்பெனிக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. அதில் கோபம் இல்லை. ஐம்பத்தொரு வயது, அவ்வளவுதான், என்றது அது.

அம்புலன்ஸில் அவரோடு என்னைத்தான் அனுப்பினார்கள். அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

"கண்ணாடியில் பார்த்தேன்" என்றார் அவர். "விசில் உன் வாயில் இருந்தது. ஏன் ஊதவில்லை?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிச் சொன்னேன். வேலைக்குப் புறப்படுகிற ஆளை எங்கள் ஆட்கள் பின்னால் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் போன காரியம் கெட்டுவிடும் என்று. சொல்லும்போதே என் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமைதானே உன் கடிதம்?" என்றார் பிறகு.

அன்று பின்னேரம் மூத்தவர் லைன் எடுத்துவிட்டார். மனைவியும் மகளும் முதல் நாளே கோயிலில் போய் இருந்திருக்கிறார்கள். வேலியில் ஒரு பக்கம் போனது, அவ்வளவுதான். அறையே மகிழ்ந்தது. நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினேன்.

கம்பெனிக்காரர் சனிக்கிழமை வரை பாரிசில் இருந்தார்கள். அவர்களிடம் போய், கிழவன் பிழைவிடவில்லை, நட்டை இறுக்காதவன் நான், என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஒப்பந்தம் கிடைத்திருக்கும். இல்லை, கிடைத்திருக்குமோ என்னவோ, அவருடைய பெயராவது தப்பியிருக்கும். ஆனால் பத்ரோனுக்குத் தெரிந்தால் கடிதம் இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் என்னை நானே சமாதானப்படுத்தினேன்: கடிதம் கைக்கு வரட்டும், வெள்ளி பின்னேரமே போய்ச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. ஒப்பந்தம் போன ஆத்திரத்தில் பத்ரோன் அதைக் கிட்டத்தட்ட என் மூஞ்சியில் எறிந்தார். அதை உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்து, அவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசல்வரை போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருவரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை இன்னும் பிரிபெக்தூரில் கொடுக்கவில்லையே, பத்ரோன் ஒரு ரெலிபோன் போட்டால் எல்லாம் போச்சே என்று நினைத்தேன். திங்கட்கிழமை கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவர்கள் ஜப்பானில் இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். திரும்பி நடந்தேன். கோழை என்ற சொல் எனக்குக் காணாது, அதைவிடக் கீழான சொல் வேண்டும்.

ஜப்பான்காரர் ஊருக்குப் புறப்பட்ட நாள், தோளில் கட்டோடு கராஜுக்கு வந்து எல்லாருக்கும் குனிந்து விடை சொன்னார். எனக்கு ஒரு படம் தந்தார். இளம் வயதில், சின்னப் பெட்டி போன்ற கார் ஒன்றின் அருகே, வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கிறார். சிரிக்கத் தெரியாது என்றவர் அதில் வாய் நிறையச் சிரிக்கிறார். அவர் போன பிறகு கராஜில் பேசிக்கொண்டார்கள்: கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது, கல் எது வீதி எது என்று தெரியாமல் ஏற்றிவிட்டான், இனி யாரும் கார் கொடுக்க மாட்டார்கள். நான் ரயர் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அவர் பிறகு எங்கும் பந்தயம் ஓட்டவில்லை.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வேறு அறை எடுத்திருந்தேன். பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது என் உடுப்புகளுக்கு அடியிலிருந்து மனைவி அந்தப் படத்தை எடுத்தாள்.

"ஆரப்பா இது? நல்லாச் சிரிக்கிறார்."

மகள் என் மடியில் இருந்தாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கடிதம் பறிக்க ஆளில்லை, பயப்பட ஒன்றுமில்லை.

"வேலையிடத்திலை ஓடின ஒரு டிரைவர்" என்றேன். "கண் தெரியாமல் காரைக் கொண்டுபோய் அடிச்சுப்போட்டு, வேலை இல்லாமல் ஊருக்குப் போனவர்."