எனக்கு நானே டைப் செய்த ஒப்பந்தம்

எங்கள் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரே சுவர். சொந்தக்காரரும் ஒருவரே. இரண்டு கடைகளின் வாடகை ஒப்பந்தத்தையும் ஒரே நாளில் டைப் செய்தவன் நான். காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் டைப் செய்து தருவதில்தான் நாலு காசு நிற்கும். பி.காம். படித்தவன். பக்கத்துக் கடைப் பெண் எட்டாவதோடு நின்றவர். பட்டுப் புடவை முந்தானைக்குக் குச்சு கட்டித் தருகிறார். அவர் கணவர் வீட்டில் தறி நெய்கிறார். இந்தப் படிப்பு வித்தியாசம் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷமாக இருந்தது.

அன்று சொந்தக்காரர் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னிடம், "சார், இன்னொண்ணும் சேத்துப் போடுங்க. வீட்டு வரி, தண்ணி வரினு என் கையில இல்லாதது எது ஏறினாலும் அது என்னைச் சேராதுனு" என்றார்.

சொந்தக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்கய்யா. எங்க வீட்டுக்காரருக்கு முதலாளி பட்டும் ஜரிகையும் எடை போட்டுத் தராரு. நாங்க எடைக்கு எடை புடவையா திருப்பித் தரோம். நடுவுல ஜரிகை விலை ஏறிப்போச்சுனு எங்க கூலியில பிடிக்கிறாங்களா? இல்லியே. கடை உங்களுது. அதும்மேல ஏறுறதும் உங்களுதுதானே?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, போட்டு விடுப்பா."

நானும் சிரித்துக்கொண்டே டைப் செய்தேன். பிறகு எனக்கானதை எடுத்தேன். புதிதாக எதையும் அடிக்கவில்லை. பல வருடங்களாக எல்லோருக்கும் போட்டுத் தரும் பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் வாடகையையும் மட்டும் மாற்றினேன். என்னிடம் ஆள் கூட்டி வருபவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். அதனால் அந்த ஃபைல் எப்போதும் அவர்கள் பக்கமே சாய்ந்திருக்கும். 'கட்டடத்தின் மீதான வரிகளும் அவற்றின் உயர்வும் வாடகைதாரரையே சேரும்' என்று அதில் இருந்தது. நான் எழுதியதுதான். அதன் கீழே நானே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் வருடம் கட்டடத்தின் வரி கூடியது. வீடு என்று போட்டிருந்ததைக் கடைகளுக்கான விகிதத்துக்கு மாற்றி, பழைய பாக்கியோடு கேட்டு வரிச் சீட்டு வந்தது. என் பங்கு, மகளின் நர்சிங் கல்லூரித் தவணைக்குச் சேர்த்து வைத்திருந்த தொகையை அப்படியே விழுங்கும் அளவு. சீட்டை மடித்து மேசை டிராயரில் போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கல்யாணப் புடவைக்குக் குச்சு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் சிரிப்பு கேட்டது. அன்றிலிருந்து அவர் கடை வாசலில் கிடக்கும் செருப்புகளை நான் எண்ணத் தொடங்கினேன். புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி வந்து இறங்கியது. அதை இறக்கிய ஆட்டோக்காரர் மேல்கூட எனக்குக் கோபம்.

ஆனால் சொந்தக்காரர் அந்தப் பெண்ணிடமும் வரிப் பங்கைக் கேட்டார். வரி தன்னைச் சேராது என்று அவர் சொன்னதற்கு, அப்படி எழுதிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை, தன் பிரதியும் கைக்குக் கிடைக்கவில்லை என்றாராம். அந்தப் பெண்ணின் பிரதி, மழையில் ஓடு ஒழுகிக் கூழாகிவிட்டிருந்தது. என்னிடம் வந்தார்.

"சார், கையெழுத்துப் போட்டதும் ஸ்கேன் எடுத்து வெச்சீங்களே. ஒரு காப்பி குடுங்க."

"சிஸ்டம் ரிப்பேரும்மா. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் அதையே சொன்னேன். அவரும் கட்டினால் என் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் வந்து நின்றபோது, சாப்பாட்டுத் தூக்கோடு என் மனைவியும் உள்ளே வந்தாள்.

"சிஸ்டம் சரியாயிடுச்சாக்கா?" என்று அவர் அவளிடம் கேட்டார்.

"ரிப்பேரா? காலையில எங்க தம்பிக்கு ஆதார் பிரிண்ட் போட்டுக் குடுத்தாரேம்மா. நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது." மனைவி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் ஏதோ ரிப்பேர்."

ஃபைலைத் தேடி பிரிண்ட் கொடுத்தேன். அந்தப் பெண் ஐந்து ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்து டிராயரில் போட்டேன்.

சொந்தக்காரர் படித்துப் பார்த்து, "ஆமா, போட்டிருக்குது" என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சூட்டிலேயே நானும் கேட்டேன், என்னுடையதில் பாதியாவது அவர் ஏற்கக் கூடாதா என்று.

"நீயே டைப் பண்ணதுப்பா. நான் ஒரு எழுத்து சொன்னேனா?"

இல்லை, சொல்லவில்லை. கட்டிவிட்டேன்.

கல்லூரிக்கு அவகாசம் கேட்டு ஒரு கடிதம் அடித்தேன். 'எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத செலவு' என்று எழுதினேன். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார் அலுவலகத்தில் இருந்தவர்: எக்காரணம் கொண்டும் தவணைத் தேதி நீட்டிக்கப்படாது, தாமதத்துக்கு அபராதம் உண்டு. அதுவும் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அபராதத்தோடு தவணையைக் கட்டினோம். மகள் பரீட்சை எழுதினாள்.

விடுமுறைக்கு வந்தபோது மகள் கேட்டாள்: "வரி ஏறுச்சேப்பா, பக்கத்துக் கடை அக்கா எப்படிச் சமாளிச்சாங்க?"

"அவங்களும் கட்டினாங்கம்மா" என்றேன். "எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

பாவம் என்று சொல்லிவிட்டு அவள் குச்சுக் கடைப் பக்கம் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.