கரியக்கா பாதியில விட்ட வீடு

கரியக்காவோட ஏணியை ஒன்பது வருஷமா பிடிச்சிட்டு நிக்கறவ நான். தீப்பிடிச்ச வீடுகளைச் சுத்தம் பண்றதுதான் எங்க ரெண்டு பேர் பொழப்பு. தீயை அணைக்கிறவங்களைப் பாத்தா ஊரே கை தட்டும். அவங்க போனப்புறம் பஞ்சும் வாளியுமா நுழையற எங்களை யார் கண்டுக்கறாங்க? சரி, அதை விடுங்க.

கரியக்கான்னு பேர் வெச்சதே நான்தான். வேலை முடிஞ்சு கிளம்பறப்போ மூக்கு நுனியில எப்பவும் கரி ஒட்டியிருக்கும். சொன்னா புறங்கையால துடைச்சு கன்னம் வரைக்கும் இழுத்துக்குவா. ஆனா சுவர் விஷயத்துல அப்படி இல்ல. புதுசா வந்தப்போ நான் ஒரு தடவை ஈரத்துணியை எடுத்துட்டேன். அய்யய்யோ, என்ன கத்து கத்தினா! "தண்ணி பட்டா கரி சுவத்துக்குள்ள குடியேறிடும்டி! முதல்ல காஞ்ச பஞ்சு. மேலேருந்து கீழ ஒரே இழுப்பு. போட்டுத் தேய்க்காத."

லீவு நாள் வந்தா போதும், சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட ஆரம்பிச்சிடுவா. அடுப்புல எண்ணெய் வெச்சிட்டு நகராதீங்க, பக்கத்துல தொங்கற ஜன்னல் துணியைக் கழட்டுங்க, சட்டி பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாம அடுப்பை அணைச்சு மூடியைப் போடுங்க. "இவ வாயாலயே ஒரு நாள் தீப்பிடிக்கும்"னு கேலி பண்ணுவாங்க. அதுக்கெல்லாம் அசையற ஆளா அவ?

அவளுக்கு ஒரே தங்கச்சி. அம்மா போனப்போ தங்கச்சிக்கு ஏழு வயசு. தலை வாரிவிட்டதுலேருந்து கல்யாணம் பண்ணி வெச்சது வரைக்கும் எல்லாம் கரியக்காதான். தங்கச்சி புது வீட்டுக்குப் போன அன்னைக்கே சமையல்கட்டு வாசலுக்கு மேல சீலிங்ல ஒரு புகை அலாரம் மாட்டிவிட்டா. மாசா மாசம் போய் பட்டனை அமுக்கிப் பாத்துட்டு வருவா.

போன லீவுல அந்த வீட்டுலதான் தீப்பிடிச்சுது. வீடு நிறைய விருந்தாளிங்க. அடுப்புல எண்ணெய் காய, தங்கச்சி போட்டோ எடுக்க ஹாலுக்குப் போயிருக்கா. சட்டி பத்தி, ஜன்னல் துணி பத்தி, பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்த அவளோட ஆறு வயசுக் குழந்தை புகையைக் குடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல அத்தனை பேருக்கும் முன்னாடி தங்கச்சி சொன்னா: "நீ மாட்டின அலாரம்தானேக்கா. அது அடிக்கவே இல்ல."

கரியக்கா ஆடிப்போயிட்டா. தங்கச்சியோட மாமியார் வாய்க்கு வந்தபடி பேசினப்போ கூட ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. நாலு நாள் சரியாச் சாப்பிடல. முதலாளிகிட்ட போய், "ஒரு அலாரத்தைச் சரியாப் பாக்கத் தெரியல எனக்கு. குழந்தை திரும்பி வர்றதுக்குள்ள அந்த வீட்டை முடிச்சிட்டு வேலையை விட்டுடறேன்"னு சொல்லிட்டா. அவ இல்லாம நான் யார் ஏணியைப் பிடிக்கறது?

குழந்தை பிழைச்சுக்கிச்சு. மறுநாள் வீட்டுக்கு வருதுன்னாங்க. குழந்தையோட ரூமை முதல்ல பளிச்சுன்னு முடிச்சிட்டு சமையல்கட்டுக்கு வந்தோம். பாதி சீலிங் வெளுத்தாச்சு. ஏணியை நகர்த்தி அலாரத்துக்கிட்ட ஏறினவ அப்படியே நின்னுட்டா.

"ஏய், மேல வந்து பாரு."

நானும் ரெண்டு படி ஏறிப் பாத்தேன். புகைன்னா ஒரே சீரா படியும். அந்த அலாரத்துல கரி விரல் விரலா இழுபட்டிருந்துச்சு. திருகிக் கழட்டினா. சீலிங்ல இருக்கற அடித்தட்டை அலாரம் மூடியிருந்தா அது வெள்ளையா இருந்திருக்கணும். தட்டு முழுக்கக் கரி. தீப்பிடிச்சப்போ அலாரம் அங்க இல்லவே இல்ல. அப்புறம்தான் யாரோ கையால கரியைப் பூசி மாட்டியிருக்காங்க.

"என் தப்பு இல்லடி!"ன்னு சிரிச்சா. நாலு நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. அடுத்த நிமிஷமே மூஞ்சி செத்துப்போச்சு. கரியைப் பூசினது யாருன்னு அப்பதான் அவளுக்கு உறைச்சிருக்கும்.

இறங்கிப் போய், பாத்திரம் அடுக்கிட்டிருந்த தங்கச்சி முன்னாடி பட்டனை அமுக்கினா. வீடே அலறுச்சு.

"நிறுத்துக்கா!"

"அடிக்குதுல்ல? எங்க வெச்சிருந்த?"

"துணி அலமாரியில. விருந்துக்கு முந்தின நாள் பொரிக்க ஆரம்பிச்சதுமே கத்துச்சு. மாமியார் திட்டினாங்க. கழட்டி பேட்டரியை எடுத்துட்டேன். மறுநாள்தான் தீ... அப்புறம் பேட்டரியைப் போட்டு, கரி பூசி மாட்டிட்டேன்."

"என்கிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா எல்லாரும் என்னைக் கொன்னு போட்டிருப்பாங்க. நீன்னா தாங்கிக்குவேன்னு நினைச்சேன்க்கா."

பாத்தீங்களா, எவ்வளவு சுலபமா வந்துச்சு அந்த வார்த்தை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன்.

அந்த நேரம் பாத்து தங்கச்சி போன் அடிச்சுது. ஆஸ்பத்திரியிலேருந்து குழந்தை. ஸ்பீக்கரைப் போட்டா.

"பெரியம்மா இருக்காங்களா? பெரியம்மா, உங்க அலாரம் ஏன் கத்தல?"

கரியக்கா தங்கச்சியைப் பாத்தா. "உன் பொண்ணு கேக்கறா. சொல்லு."

தங்கச்சி போனை வாய்க்கிட்ட கொண்டு போனா. சொல்லிடுவான்னு நான் நிஜமாவே நம்பினேன்.

"பேட்டரி தீந்து போச்சும்மா. பெரியம்மா மாத்த மறந்துட்டாங்க."

"பரவாயில்ல பெரியம்மா"ன்னுச்சு குழந்தை. "அழாதீங்க. எனக்கு இப்ப இருமல் இல்ல."

கரியக்கா ஏணியில ஏறி அலாரத்தைப் பழைய இடத்துல மாட்டினா, பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாத்தா, இறங்கினா.

"ஏணியை மடக்குடி."

"அக்கா, மீதி சீலிங்?" தங்கச்சி பின்னாடியே வந்தா. "நாளைக்குக் குழந்தை வருதேக்கா!"

கரியக்கா கையிலிருந்த காஞ்ச பஞ்சை மேஜை மேல வெச்சா. "கரி பூசத் தெரிஞ்சுதுல்ல. துடைக்கவும் கத்துக்க. தண்ணி மட்டும் தொடாத."

திங்கக்கிழமை வழக்கம் போல வேலைக்கு வந்துட்டா. தங்கச்சி போன் பண்ணினா இப்பல்லாம் எடுக்கறதில்ல.