நாலு மணிக்கு ஊதிய அஞ்சு மணிச் சைரன்

முசரவாக்கம் தேவசகாயம் வாழ்க்கையில் பிடித்த ஒரே பதவி, ஒரு சுவிட்சு.

1962இல் ஆந்திராவில் ஒரு நிலக்கரிக் கம்பெனிக்குக் கூலியாகப் போனார். சுரங்கத்தில் கல் விழுந்து ஒரு கால் மடங்காமல் போனதும், கம்பெனி அவரைச் சைரன் ரூமில் உட்கார வைத்தது. சொந்த ஊரில் பண்ணைக்காரர் எதிரே வந்தால் வரப்பை விட்டு இறங்கி நின்ற மனிதர். இங்கே அவர் அமுக்காமல் மேனேஜரே மத்தியானச் சோறு தின்ன முடியாது.

ஊர் என்றால் சாதாரண ஊரா? வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், வீட்டுக்கு ஒரு குழாய், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சனிக்கிழமை ஓசி சினிமா. எல்லாம் கம்பெனியுடையது. காய்ச்சல் மட்டும்தான் சொந்தம்.

முசரவாக்கத்துக்குப் பக்கத்து ஊரான கூரத்துச் சிட்டிபாபு அங்கே கம்பெனித் தபால் பியூன். முதல் போனஸில் கைக்கடிகாரம் வாங்கி, அது தெரிய வேண்டுமென்றே முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுத் திரிந்தவர். ரூல் என்றால் உயிரை விடுவார்.

பத்தே வருஷத்தில் கரி தீர்ந்தது. சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. போனவர்கள் கதவு ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போனார்கள். 1974இல் இருபது குடும்பமும் சில ஆடுகளும் மிச்சம். சைரனை நிறுத்தச் சொல்லி மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை. தேவசகாயம் விடாமல் ஊத, ஆடுகள் ஷிப்டு மாறின.

ஊதுகிற ஆசையில்லை. ஊதும்வரைதான் வீடு. மகள் லில்லி அங்கே எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். வீடு போனால் பரீட்சையும் போச்சு. முசரவாக்கத்தில் நாற்று நட வேண்டியதுதான்.

பரீட்சை தொடங்கிய அன்று காலையில் சிட்டிபாபு சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணே, உனக்கு ஆர்டர் வந்திருக்குது. கையெழுத்து போட்ட ஒரே நாள்ல வூட்ட காலி பண்ணணுமாம். சாயந்திரம் நாலரைக்கு எடுத்தாறேன், கையெழுத்து போட்டுடு."

"பொண்ணுக்கு இன்னும் ஆறு நாள் பரீட்சை இருக்குதுப்பா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? ரூல்னா ரூல்தான்."

அந்த ரூலில் இன்னொன்றும் உண்டு. அஞ்சு மணிச் சைரன் ஊதினால் டியூட்டி முடிந்தது. கொடுக்காத தபால் ஆபீசுக்குத் திரும்பிவிடும். சைரன் ரூமோ ஊரின் கடைசியில் இருந்தது.

அன்று அஞ்சு மணிச் சைரன் நாலு மணிக்கே ஊதியது. பாதி வழியில் சிட்டிபாபு காலை ஊன்றி நின்றார். ஊர்ப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். மறுநாளும் அப்படியே. ஆறு நாள்! வாட்ச்மேன் சூரியனையே சந்தேகப்பட்டான்.

ஏழாம் நாள் நாலரைக்குத் தேவசகாயம் கையெழுத்துப் போட்டார். அஞ்சுக்குச் சரியாக ஊதிவிட்டு மூட்டை கட்டினார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, லில்லி இப்போது தென்னேரியில் டீச்சர். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவள் கணக்கே சொல்லித் தருகிறாள், பிள்ளைகளின் தலையெழுத்து. அப்பா பிள்ளையார்பாளையம் டீக்கடையில் தினம் இந்தக் கதையைச் சொல்லி வந்தார். போன மாசம் ஒருநாள், தெருவில் நெசவுக்கு நீட்டியிருந்த பாவு நூலுக்காகச் சைக்கிளை விட்டு இறங்கிய ஒருவர், அப்படியே கடைக்குள் வந்து பின்னால் நின்றதைத் தேவசகாயம் கவனிக்கவில்லை.

"அந்தச் சிட்டிபாபு இருந்தானே, மடையன்! ஆறு நாளும் ஏமாந்துக்கினே இருந்தான்பா!"

பின்னாலிருந்து ஒரு கை முகத்துக்கு நேராக நீண்டது. சட்டை முழங்கை வரை மடித்திருந்தது.

"அண்ணே, இத இன்னா வளையல்னு நெனச்சியா?"

தேவசகாயம் டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

இப்போதெல்லாம் கதை சொல்வது சிட்டிபாபு. தேவசகாயம் பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டுகிறார். ஆறு நாள் அதற்குள் பத்தாகிவிட்டது.