செண்பகம் அக்காவின் சொந்தக் குரல்

இன்று காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது டிவியில் நடிகை செண்பகம் அக்கா இறந்துபோன செய்தி ஓடியது. கழக்கூட்டத்தில் என் மகளின் ஃப்ளாட்டில் அடுப்படியும் ஹாலும் ஒன்றுதான். கரண்டியும் கையுமாகவே பார்க்கலாம். பழைய படங்களைத் துண்டு துண்டாகக் காட்டினார்கள். ஒன்றில் காதலனைத் திட்டினார், இன்னொன்றில் பிள்ளையைப் பறிகொடுத்து அழுதார். மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "எத்தன நல்ல வாய்ஸ்! அவாளோடதுதான், அல்லே அம்மா?" என்றாள். "இல்லை" என்றேன். அதற்குள் தோசை கருகிவிட்டது. மேற்கொண்டு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் இதே ஊரில் ஒரு மலையாள சீரியலில் பிராம்ப்டர். கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை உரக்கப் படிக்கவேண்டும். நடிப்பவர்கள் அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வார்கள். பிறகு டப்பிங்கில் வேறு யாராவது பேசி எங்கள் இரண்டு குரலையும் அழித்துவிடுவார்கள். ஆக, தொண்டை கிழியக் கத்தியும் யார் காதிலும் விழாத வேலை. எனக்கு அதிலும் ஒரு தலைக்கனம் இருந்தது. என் மலையாள உச்சரிப்பு அத்தனை சுத்தம் என்று டைரக்டரே சொல்லியிருந்தார்.

நான் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் பிறந்த தமிழச்சி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டால், வீடு கோட்டைப் பக்கம் என்று மட்டும் சொல்லிவைப்பேன். தென்காசியிலிருந்து வந்த லைட்மேன் ஒருவரை எல்லோரும், தமிழர்களைக் கேலி செய்யும் பெயரால், "பாண்டி" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

என்னைக் காட்டிக்கொடுத்தது அம்மா கட்டிக்கொடுத்த வத்தக்குழம்பு. மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசனை பிடித்துக்கொண்டு, பழைய மலையாள நாலுகெட்டு வீட்டுத் தாயார் வேஷத்தில், ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டோடு செண்பகம் அக்கா வந்து நின்றார்.

"ஏட்டி, சுண்டவத்தக் கொழம்புலா மணக்கு! அக்ரகாரமா நீ? நான் சாலைக் கடத்தெரு பருப்புக்கடைக்காரர் மகதான். ஒரு கரண்டி ஊத்துட்டி."

நான் மலையாளத்தில் "கழிச்சோளூ சேச்சி" என்று சாப்பிடச் சொல்லி டப்பாவை நீட்டினேன். அன்றிலிருந்து அப்படித்தான். அவர் தமிழில் பேசுவார், நான் மலையாளத்தில் பதில் சொல்வேன். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. வத்தக்குழம்பு நாட்களில் மட்டும் தவறாமல் படிக்கட்டுக்கு அடியில் வந்துவிடுவார்.

அங்கே வைத்துத்தான் ஒருநாள் தன் ஆசையைச் சொன்னார். "முப்பது வருசமா நான் வாயசைக்கேன், எவளோ பேசுதா. நான் செத்த பொறவு எம்பேத்தி டிவியப் போட்டா வேற பொம்பள சத்தம்லா கேக்கும்? இந்த ஒண்ணுலயாவது நானே பேசுதேன்னு டைரக்டர்ட்ட கேட்ருக்கேன்ட்டி."

டைரக்டர் ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மகளை வழியனுப்பும் காட்சியைப் பேசினார் அக்கா. பொடி போட்டவர் மாதிரி லேசாகக் கம்மிய குரல். ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றாக இருந்தது. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: மிக நன்றாக இருந்தது.

டைரக்டர் என் பக்கம் திரும்பி, "தனக்கு எந்து தோணுன்னு?" என்று என் அபிப்பிராயம் கேட்டார். என்னவோ எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நன்றாயிருக்கிறது என்று சொன்னால், தமிழ் வாடை என் மூக்குக்குத் தெரியவில்லை, நானும் அந்தக் கூட்டம்தான் என்று ஆகிவிடுமோ என்று. என் சுத்தத்தைக் காட்டிக்கொள்ள நல்ல சந்தர்ப்பமாகவும் பட்டது. "கொறச்சு தமிழ்ச் சுவ உண்டு சார்" என்றேன். கொஞ்சம் தமிழ் வாடை அடிக்கிறதாம்! சொன்னது யார், படிக்கட்டுக்கு அடியில் குழம்பை ஒளித்துத் தின்றவள்.

"அது சரி" என்றார் டைரக்டர். மறுநாளே வழக்கமான டப்பிங் பெண்ணை வரவழைத்துவிட்டார்கள்.

நாங்கள் பேசுவது உள்ளே ஹெட்ஃபோனில் கேட்பதற்கான பொத்தானை டைரக்டரின் விரல் அழுத்தியபடியே இருந்ததை, சொல்லி முடித்த அப்புறம்தான் பார்த்தேன். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரைப் பொறுமையாகச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தார். என் கன்னத்தைத் தட்டி, "சாரமில்ல மோளே" என்றார். பரவாயில்லை மகளே என்று. மலையாளத்தில்.

அதன்பிறகு அந்த சீரியல் முடியும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை. படிக்கட்டுக்கு அடியிலும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று பல நாள் நினைத்தேன். எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். வெட்கங்கெட்ட சாக்கு, தெரியும்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. இன்று எந்த ஊர் வாடையோடும் அவரவரே பேசி நடிக்கிறார்கள். சனங்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சோதனை நாடாவின் மேல் அதே வாரம் வேறு எதையோ பதிந்தார்கள்.

"அப்போ அவா ஒரிஜினல் வாய்ஸ் எப்படி இருக்கும்?" என்று மகள் விடவில்லை. அடுப்பை அணைத்தேன். தொண்டையைக் கொஞ்சம் கம்மலாக்கிக்கொண்டு, "ஏட்டி, ஒரு கரண்டி ஊத்துட்டி" என்று சொல்லிப் பார்த்தேன்.

மகள் சிரித்தாள். "போம்மா, இது உன் வாய்ஸ்."