மாடியில் பால் தீய்ந்த நாள்

எங்கள் வீட்டு மாடியறையில் நான்கு வருடம் குடியிருந்தவர் போடிக்காரர். மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் ஏலக்காயையும் மிளகையும் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், எந்த மழையில் நனைந்த சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று பஜாரில் கேள்விப்பட்டிருந்தேன். மாசம் பிறந்ததும் வாடகை தானாகக் கீழே வந்துவிடும். திடீரென்று அது நின்றது. கேட்டால், "அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடறேன் அக்கா" என்பார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

"இனியும் பார்த்துண்டிருந்தா சரியாகாது. வக்கீல்கிட்ட பறஞ்சு நோட்டீஸ் கொடுத்துடலாம்" என்றார் என் கணவர். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் ஒழுங்காக இருந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டீஸை நானே எடுத்துக்கொண்டு போனேன். பாதிப் படியிலேயே தீய்ந்த நாற்றம் முகத்தில் அடித்தது. கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"பால் தீயறதே, தெரியலையா?"

திரும்பிப் பார்த்தவர் பதறி எழுந்து அடுப்பை அணைத்தார். கருகிய பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"தெரியாது அக்கா. எனக்கு இப்ப வாசனையே தெரியாது."

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு போய்விட்டதாம். மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல், நிறத்தையும் கையில் பட்ட ஈரத்தையும் வைத்தே சமாளித்திருக்கிறார். பூஞ்சணம் பிடித்த ஏலக்காய் ஒரு தடவை தப்பிப்போய், வாங்கினவர்கள் லோடையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை போயிற்று.

"அப்போ சாப்பிடறது?"

"சாயால சூடு தெரியும், இனிப்பு தெரியும். அது சாயாவான்னு தெரியாது."

நான் எதற்கு வந்தேன் என்பது மறந்தே போயிற்று. கீழே ஓடி காப்பிப்பொடி, பெருங்காயம், கற்பூரம் மூன்றையும் எடுத்து வந்து, "கண்ணை மூடிக்கோங்கோ" என்றேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. குழந்தை விளையாட்டுக்கு ஒத்துக்கொள்வதுபோல அவர் கண்ணை மூடினார். காப்பிக்கு இல்லை என்று தலையாட்டினார். பெருங்காயத்துக்கும் இல்லை. கற்பூரத்துக்கு மட்டும் கொஞ்சம் நிதானித்தார்.

"மூக்குக்குள்ள ஜில்லுன்னு இருக்கு. ஆனா அது வாசனை இல்லக்கா."

கண்ணைத் திறந்தபோது என் கக்கத்தில் இடுக்கியிருந்த உறையை அவர் பார்த்துவிட்டார். "நோட்டீஸா? குடுங்க" என்று தானாகவே கையை நீட்டினார். படித்து, கையெழுத்துப் போட்டு, "ஒரு மாசத்துல ஒழிச்சுத் தந்துடறேன்" என்றார். கொஞ்ச நாள் இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

சொன்னபடியே அறையைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பாக்கியைப் பற்றி என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த அறைக்கு காக்கநாட்டில் வேலைபார்க்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

போன மழைக்காலத்தில் கலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பக்கத்து ஓட்டலில் பில் போடுகிறாராம். சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்பே, "மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"காப்பி மட்டும் ஈரச் சாக்கு மாதிரி வருதுக்கா. இப்ப ரெண்டு வாரமா."

"ஐயோ, ஈரச் சாக்கா?"

"ஏதோ ஒண்ணு வருதுல்ல" என்றார். தினம் நான்கு தடவை காப்பி குடிக்கிறாராம்.