காருக்குக் கீழை ஒழுகுது, சேர்

வாகனத்தின் குறையைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அதை ஓட்டுபவரிடமிருந்து ஒரு முழுமையான வாக்கியத்தைப் பெறுவதே கடினம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், என் தங்கையின் மகன் றெஜி மன்னாரில் நடத்தும் கராஜில், வருபவர்களிடம் குறைகளைக் கேட்டு அட்டையில் எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் அமர்ந்து, பதில் சொல்லாதவர்களிடம் கேள்வி கேட்டுக் களைத்த அனைவருக்கும் இதை எழுதுகிறேன். என் கோபத்தின் நியாயம் உங்களுக்குத்தான் விளங்கும்.

ஐந்து சொட்டுகள்

பெனடிக்ற் முன்னர் பள்ளிமுனையில் கடற்றொழில் செய்தவர். இப்போது பழைய கார் ஒன்றில், இலுப்பைக்கடவைப் பாடசாலைக்கு நான்கு ஆசிரியைகளை நாள்தோறும் ஏற்றிச் செல்கிறார். அந்த நான்கு இருக்கைகளே அவருடைய குடும்பத்தின் சோறு.

ஒருநாள் ரயருக்குக் காற்றடித்துவிட்டுப் போனார். அன்று காலைதான் நான் கழுவுவித்த சீமெந்துத் தரையில் ஐந்து எண்ணெய்ச் சொட்டுகள்! றெஜி மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தபடியால் கண்டிக்கும் கடமை என் தலையில் விழுந்தது. மறுநாள் அவரை வாசலிலேயே மறித்தேன். "எண்ணெய் வாற வழியை முதல்லை அடைச்சுப்போட்டு இந்தப் பக்கம் வாரும்" என்றேன். அவர் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுப் பணிவுடன் சொன்னார்: "ஓம் சேர், அடைச்சுப்போட்டே வாறன்."

அட்டையும் விடைகளும்

மூன்று கிழமையில் திரும்பி வந்தார். இம்முறை சொட்டுகளல்ல, கார் நின்ற இடத்தில் ஒரு குளமே கட்டிவிட்டது. என் அட்டையில் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. எங்கிருந்து ஒழுகுகிறது என்று கேட்டேன். "காருக்குக் கீழை, சேர்." எஞ்சினின் எந்தப் பக்கம்? "கீழ்ப்பக்கம்." எஞ்சினில் எங்கேனும் கை வைத்தீரோ? "மடு மாதா ஆணை, தொடேல்லை சேர்."

"ஓடேக்கை ஒழுகுதோ, நிக்கேக்கை ஒழுகுதோ?" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டேன். வந்த விடையை ஒரு மாணவன் சொல்லியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். "ஓடேக்கை நான் உள்ளுக்கெல்லே சேர் இருக்கிறன்!"

பவுடர்

எண்ணெய் மேலே கசிந்து கீழே சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பது றெஜியின் கொள்கை. எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவிக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை அதன்மீது தூவினான். சிறிது தூரம் ஓடி வந்தால், கசிவு தொடங்கும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். தேநீர்க் கடையில் இருந்த பெனடிக்ற்றை அழைத்து, கடலின் குறுக்கே போகும் தாம்போதியைக் கடந்து தள்ளாடிச் சந்திவரை போய்த் திரும்பச் சொன்னோம்.

வந்ததும் காரின் முன்மூடியைத் திறந்தால், எஞ்சின் பளபளக்கிறது! ஒரு துகள் பவுடர் இல்லை. றெஜி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டான். பெனடிக்ற் மட்டும் பாராட்டை எதிர்பார்த்து நின்றார். "எஞ்சினெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது சேர், நல்லாத் துடைச்சுப்போட்டு வந்தனான்."

சிவப்புக் கோடு

மறுபடி தூவிய பவுடர், எஞ்சினின் மேல்மூடியில் நனைந்தது. கசிவைத் தடுக்க அதன் விளிம்பில் வைக்கும் பக்கிங்கை மாற்றினோம். நான்கு நாளில் பின்பக்கத்தில் எண்ணெயை மறிக்கும் வளையமான ஒயில் சீல் ஒழுகியது. கியர்பெட்டியைக் கழற்றி அதையும் மாற்றினோம். அடுத்த கிழமை முன்பக்கத்துச் சீல்! ஒன்றை அடக்கினால் இன்னொன்று வாய் திறந்தது.

இதற்கிடையில் பெனடிக்ற் காலைதோறும் வழியில் விடத்தல்தீவில் நிறுத்தி எண்ணெய் ஊற்றினார், ஆசிரியைகள் பிந்தினார்கள். பாடசாலை தொடங்கும் நேரத்தில் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறப்படும். பிந்தியவர் அதற்குக் கீழே ஒப்பமிட வேண்டும். உப அதிபராக இருந்தபோது அக்கோட்டை ஈவிரக்கமின்றிக் கீறியவன் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம், அந்நால்வருள் ஒருவரான புளோரா ரீச்சர் கராஜுக்கே வந்துவிட்டார். திங்கட்கிழமையும் பிந்தினால் வேறு வான் பிடிப்பதாக அங்கு நின்ற பெனடிக்ற்றிடம் சொன்னார். பெனடிக்ற் கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலைக் காலடியில் வைத்தார். பிறகு ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இருக்கிற கராஜாலைதான் சேர் நாங்கள் கோட்டுக்குக் கீழை ஒப்பம் வைக்கிறம்."

மூச்சு

சனிக்கிழமை றெஜியை நன்றாக ஏசினேன். ஒன்றை மாற்ற மாற்ற இன்னொன்று எப்படி ஒழுகும்? அவன் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினான். மூடி அவன் உள்ளங்கையில் துள்ளியது. சூடான புகை 'புஸ்' என்று கிளம்பியது. "மாமா, இது மூச்சு விடேலாமல் கிடக்கு" என்றான்.

எஞ்சினின் உள்ளே சேரும் ஆவி வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால், ஆவி எண்ணெயையும் தள்ளிக்கொண்டு கண்ட இடத்தால் வெளியேறும். றெஜி அந்தக் குழாயைத் தேடிப் பிடித்தான். படகின் ஓட்டைக்குப் போடும் பைபர் பசையால் அதன் நுனி கல்லாக இறுகியிருந்தது. மிக நேர்த்தியான வேலை!

"எஞ்சினிலை கை வைக்கேல்லை எண்டு மாதாவிலை ஆணையிட்டீரே!" என்று பெனடிக்ற்றிடம் கத்தினேன்.

"இது எஞ்சினே சேர்? பைப்பெல்லே!"

"ஆர் உம்மை இதை அடைக்கச் சொன்னது?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். குரலில் குற்றச்சாட்டு எள்ளளவும் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. "நீங்கள்தான் சேர். அந்த அஞ்சு சொட்டும் இந்தப் பைப்பாலைதானே வந்தது!"

றெஜி அவசர அவசரமாகக் காருக்கு அடியில் நுழைந்தான். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

குழாயையும் முன்பக்கத்துச் சீலையும் மாற்றி, அன்று மாலையே காரைக் கொடுத்தோம். திங்கட்கிழமை காலை புளோரா ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "கோடு கீற இன்னும் பத்து நிமிசம் கிடக்கு சேர், பெனடிக்ற் அண்ணை உங்களைத்தான் புகழ்ந்துகொண்டு நிக்கிறார்."

இப்போது என் அட்டையில் 'இக்குறை யார் சொல்லி ஏற்பட்டது?' என்ற பதினோராவது கேள்வியும் உண்டு; அதைக் கேட்கும்போது மட்டும் நான் குரலை உயர்த்துவதில்லை.