காளியாயி பேசுகிறாள்

கொட்டகலைக்கு மேலே இருக்கிற ஊசிமலைத் தோட்டத்தில் காளியாயியைத் தெரியாதவர் கிடையாது. வாய் அப்படி. எதிர் மலையில் கொழுந்தெடுக்கும் தாய்க்குச் சேதி சொல்ல வேண்டுமானால் மற்றப் பிள்ளைகள் பள்ளத்தில் இறங்கி ஏறுவார்கள். காளியாயி நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுவாள். தாய் ராக்காயிக்குக் கேட்பதோடு கங்காணிக்கும் கேட்கும், பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும். பெண்பிள்ளைக்கு இவ்வளவு தொண்டை ஆகாது என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தொண்டைதான் அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோயிற்று. இப்போது கேட்டால், "நாங்க அப்பவே சொன்னோமே, இவ பெரிய ஆளா வருவான்னு" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அது அறுபத்திரண்டாம் வருஷம். ஒரு சோப்புக் கம்பெனி அட்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தது. தலைப்பு, சுத்தம். டவுன் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். காளியாயி மேடையேறி, "சோப்பு வாங்கிறலாம் ஐயா. லயத்துக்கே ஒரு பீலிதான், அதுலயும் மத்தியானத்துக்கு மேல தண்ணி வராது. வெறுஞ் சோப்ப வச்சி என்னத்த தேய்க்கிறது?" என்று கேட்டாள். கம்பெனிக்காரர்கள் முகம் சுருங்கிப் போயிற்று. நடுவராக வந்திருந்த ராமநாதன் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தக் கம்பெனிக்கு வானொலி நிகழ்ச்சி தயாரித்துக் கொடுப்பவர் அவர்தான். கொழும்பில் கொம்பனித்தெருவில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். முதல் பரிசு காளியாயிக்கே போயிற்று: ஒரு பெட்டி சோப்பும், ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு மாதம் அந்தக் கூடத்தில் வேலை பழகும் வாய்ப்பும்.

அப்பா மூக்கன் யோசித்தார். வயசுப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. ராக்காயிதான் ஒரே பேச்சில் முடித்தாள்.

"போயிட்டு வரட்டும். அங்க எந்தங்கச்சி அன்னம்மா இருக்கா, பாத்துக்குவா." பிறகு மகளிடம் திரும்பி, "எனக்கு சீலயும் வேணாம், வளையலும் வேணாம். ரேடியோவுல ஒம் பேரச் சொல்லணும். நம்ம ஆளுங்க அத்தன பேரும் கேக்கணும். அது போதும் புள்ள" என்றாள்.

காளியாயி சரி என்று தலையாட்டினாள். கேட்டது சின்ன விஷயந்தானே என்று நினைத்தாள்.

வட்டவளை தாண்டி ரயில் இறங்க இறங்கக் கம்பளிச் சட்டை உடம்பில் எரிந்தது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் அன்னம்மா சித்தி காத்திருந்தாள். சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை கணக்கெடுப்பவர். ஜிந்துப்பிட்டியில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு. சித்தி முதலில் சொன்னது இதுதான்: "பைப்படியில யாராச்சும் ஊரக் கேட்டா கண்டிப் பக்கம்னு சொல்லு. தோட்டம்னு வாயத் தொறக்காத. அப்புறம் ஒரு மாதிரியா பாப்பாளுக." காளியாயிக்கு இது புதிதாக இருந்தது. தோட்டத்தில் பிறந்ததை ஒளித்து வைக்க முடியும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

முதல் நாள் வேலைக்குப் போன கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். தோட்டத்தில் விடியுமுன் தப்படிப்பார்கள். எல்லாரும் பெரட்டுக் களத்தில் போய் வரிசையாக நிற்க வேண்டும். அங்கேதான் யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்த காளியாயி, இருட்டு விலகுமுன்பே கொம்பனித்தெருவுக்கு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் கைகட்டி நின்றுவிட்டாள். பால்காரன் போனான், பத்திரிகைக்காரன் போனான், வெயில் ஏறிற்று. வேறு ஆள் யாரும் வந்து வரிசையில் நிற்கவில்லையே என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒலிப்பதிவு செய்யும் பியசேன சாவிக்கொத்தோடு வந்தார்.

"நங்கி, இராத்திரி இங்கயா படுத்தது?" என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்திலும் மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழிலுமாகப் பயந்துபோய்க் கேட்டார்.

"பெரட்டுக்கு வந்தேங்க."

பியசேனவுக்குப் பெரட்டு விளங்கவில்லை. விளக்கம் கேட்டபிறகு அன்று முழுவதும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சல்யூட் அடித்தார்.

மைக்கின் முன்னால் நிறுத்திய நாள் இன்னும் மோசம். அவளுக்குத் தெரிந்த பேச்சு, மலைக்கு மலை போகிற பேச்சு. மூச்சை இழுத்து, "வணக்கம் நேயர்களே!" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பியசேன காதில் மாட்டியிருந்ததைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து நின்றார். "ஹெமின், நங்கி, ஹெமின்!" என்று இரண்டு கையாலும் அமர்த்திக் காட்டினார். ராமநாதன் உள்ளே வந்து, "பிள்ளை, கொட்டகலைக்கு ரேடியோ கொண்டுபோய்ச் சேர்க்கும். நீ சேர்க்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லு" என்றார். அவருக்கு மூக்குநுனியில் கோபம் இருந்தாலும் சொல்லிக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கிடையாது. அன்றிலிருந்து காளியாயி பக்கத்தில் ராக்காயி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசிப் பழகினாள். குரல் தானாகத் தணிந்தது.

மற்ற நேரங்களில் கூட்டுவது, ஒலிநாடாவைச் சுற்றி வைப்பது, பாட்டுக் கேட்டு வரும் தபாலட்டைகளை ஊர்வாரியாகப் பிரிப்பது, தேநீர் ஊற்றுவது. அந்தத் தேநீரை முதல் தடவை குடித்தபோது அவளுக்கு ருசியை நம்ப முடியவில்லை. இலையைப் பறித்துக் கொடுக்கிற வீட்டில் கடைசித் தூள், இங்கே இப்படியொரு சாயம். குடித்து முடிக்கும்வரை கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டாள். எங்கள் தேயிலை, நான் குடிக்காமல் யார் குடிப்பது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சித்திக்குக் காலில் சக்கரம். தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலி பஸ்ஸில் அவளை ஏற்றிப் புறக்கோட்டை முழுக்கக் காட்டினாள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் யானை ஆடுவதைக் காட்டினாள். கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்த வைத்தாள். காலிமுகத்திடலுக்குப் போன சாயந்தரம், காளியாயி கடலுக்கு நேரே நின்று ஒரு கூப்பாடு போட்டுப் பார்த்தாள். ஊசிமலையில் என்றால் எதிர் மலை அதைத் திருப்பிச் சொல்லும். கடல் ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இறால் பதித்த இஸ்ஸோ வடை விற்பவனிடம் ஓடினாள். "மானத்த வாங்காதடி!" என்று சித்தி திட்டினாலும் அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

மாதம் முடிகிற வாரத்தில் ராமநாதன் கூப்பிட்டார். தோட்டப்புறத்து நேயர்களுக்காக ஞாயிறு மாலையில் போகும் நிகழ்ச்சியில் அவளுக்குச் சில நிமிஷங்கள் தருவதாகச் சொன்னார். கொழும்பில் கண்டதை அவளே எழுதிப் பேச வேண்டும். காளியாயி எழுதினாள். பெரட்டுக்கு நின்றதை எழுதினாள், திருப்பிக் கூப்பிடாத கடலை எழுதினாள், தேநீரையும் விடவில்லை. ராமநாதன் படித்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"பேச்சு நல்லா இருக்கு. பேர்தான் இடிக்குது. காளியாயி என்று சொன்னால் டவுனில் இருக்கிறவன் சிரிப்பான். கலாவதி என்று வைப்போம். ரேடியோவில் பேசுற முக்கால்வாசிப் பேர் வேறு பேரில்தான் பேசுறாங்க. இதில் தப்பு ஒன்றுமில்லை."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் நன்றாக வரவேண்டும் என்றுதான் சொன்னார். காளியாயிக்கு அது விளங்கியது. அதனால்தான் கோபப்படாமல் எடுத்துச் சொன்னாள்.

"ஐயா, எங்க தோட்டத்துல சாயந்தரம் மடுவத்துல கொழுந்து நிறுப்பாங்க. ஒருக்கா கணக்கப்பிள்ள எங்கம்மா எடுத்த கொழுந்த வேற ஒருத்தி பேருல போட்டுட்டாரு. எங்கம்மா கூடைய கீழ வச்சிட்டு அந்த எடத்த விட்டு நகரல. மழன்னா மழ. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. துரைக்கிட்ட சொல்லி வேலைய நிப்பாட்டிருவேன்னாரு. 'நிப்பாட்டுங்க, ஆனா நான் எடுத்த கொழுந்து எம் பேருல இருக்கணும்'னு நின்னாங்க. கடைசியில கணக்கப்பிள்ளையே வந்து மாத்திப் போட்டாரு. அந்த ராக்காயி மகங்க நான். நான் பேசுனத கலாவதி பேருல போட்டுட்டு எந்த மொகத்தோட ஊருக்குப் போவேன்?"

"இந்தப் பேரோடு போட முடியாது என்று கம்பெனி சொன்னால்?"

"போடாம விட்டுருங்க. எனக்கு ரேடியோவுல எடம் கெடைக்கலன்னு அம்மாக்கிட்ட சொல்லிக்கிறேன். வேற எவளோ பேசுனான்னு சொல்ல மாட்டேங்க."

ராமநாதன் பேனா மூடியை மேசையில் எறிந்தார். "பிடிவாதம்! சரி, பேசித் தொலை. போடுறதா வேண்டாமா என்று நான் இப்போது சொல்ல முடியாது" என்றார். காளியாயி தன் பேரைச் சொல்லியே பேசினாள். பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்வது போலவே பேசினாள். பியசேன கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று பஸ்ஸில் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. சித்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு பேருக்காகவா கெடைச்சதப் போட்டு ஒடைச்ச?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகு சித்தி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்ன நினைத்தாளோ தெரியாது. ஊருக்கு ரயிலேற்ற வந்தபோது, பெட்டியில் எதிரே இருந்த அம்மாள் எந்த ஊர் என்று விசாரித்தாள். காளியாயி வாயைத் திறக்குமுன் சித்தி ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, "கொட்டகலை, ஊசிமலைத் தோட்டம். எங்க அக்கா மக. நானும் அந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன்" என்றாள். வண்டி நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கொட்டகலை கடைவீதியில் ஆண்டியப்பன் முதலாளியின் கடை முன்னால் ஊசிமலையே இறங்கி நின்றது. ராக்காயி வெளுத்த சீலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, ரேடியோ இருந்த அலமாரிக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தாள். வராமலும் போகலாம் என்று காளியாயி வீட்டில் சொல்லித்தான் இருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோப்புப் பாட்டு வந்தது. சினிமாப் பாட்டு வந்தது. பாட்டுக் கேட்டவர்களின் பேர் வாசித்தார்கள், மறுபடி பாட்டு. நேரம் போகப் போகக் கூட்டத்தில் சிலர் காளியாயியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கலாவதி என்றே இருந்திருக்கலாமோ என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே வெட்கப்பட்டாள்.

அப்போது ராமநாதனின் குரல் வந்தது. அவர் வழக்கமாக மைக்கில் பேசுவதில்லை. அன்று அவரே பேசினார்.

"அடுத்து, கொட்டகலை ஊசிமலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து எங்களோடு வேலை பழகிய ஒரு பெண் பேசுகிறார். பெயர் காளியாயி. தேயிலைக் கொழுந்தெடுக்கும் ராக்காயியின் மகள்."

கூட்டம் ஓவென்று கத்தியது. மூக்கன் தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். "சத்தம் போடாதீங்கப்பா, புள்ள பேசுது!" என்று ஆண்டியப்பன் முதலாளி எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். கடலும் பெரட்டும் தேநீரும் ரேடியோவிலிருந்து வந்துகொண்டிருந்தன. சனம் சிரித்தது, கைதட்டியது. காளியாயிக்குப் பெருமையில் நெஞ்சு முட்டியது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அறிமுகத்துக்குப் பிறகு வந்த எதுவும் ராக்காயி காதில் ஏறவில்லை. சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ரேடியோவையே பார்த்தபடி நின்றாள்.

பேச்சு முடிந்தது. நிகழ்ச்சியும் முடிந்தது. முதலாளி ரேடியோவை நிறுத்தக் கையை நீட்டினார்.

"இருங்க மொதலாளி, மூடாதீங்க" என்றாள் ராக்காயி. "எம் பேரையும் சொன்னாங்க. இன்னொருக்கா சொல்லுவாங்களான்னு பாப்போம்."

முதலாளி கையை எடுத்துக்கொண்டார். சிங்களத்தில் செய்தி வாசிக்க ஆரம்பித்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.